இறக்கி அனுப்பும் நாள்

டாக்டரக்கா,

இன்று காலை மலைமேல் சோளக்காடு ஊர்ப் பயிற்சிக் கூடத்தில் கருவிப் பெட்டியைத் திறந்தேன். பேட்டரி மாற்றும் வேலை. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவிகள் நான்கு. அவற்றில் ஒன்றின் முதுகில் பிளாஸ்திரித் துண்டு. நீலப் பேனாவில் உங்கள் கோணல் எழுத்து: ‘கை சூடா?’

பிளாஸ்திரியின் ஓரம் எண்ணெய் பட்டு மஞ்சளாகியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். உங்கள் நொச்சித் தைலம். இன்னும் போகவில்லை.

எனக்கு ரிப்போர்ட் எழுதத்தான் வரும். இதுவும் ஒரு ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பத் தாமதமாக வருகிறது.

அந்தப் பிளாஸ்திரி ஒட்டிய கதை நினைவிருக்கும். ஊர் ஆட்களுக்கு மூலிகை மருந்தும் ஆசனமும் மூச்சும் பழக்கும் நம் பயிற்சியின் முதல் அணி, மார்கழி மாதம். வாசலூர்பட்டியிலிருந்து மூடுபனியில் நடந்தே வந்த பெரியவர் ஒருவர் மூட்டுவலிக்காக உங்களிடம் காட்ட உட்கார்ந்திருந்தார். நான் செயல்விளக்கம் என்று அவர் விரலில் கருவியை மாட்டினேன். ஆக்சிஜன் எண்பத்து நான்கு; தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று கத்திவிட்டேன். மருத்துவக் கருவித் தொழில்நுட்பம் படித்தவன், வேலைக்கு வந்து மூன்றாம் நாள். பெரியவர் என்னைப் பார்த்து, “ஏனுங்க தம்பி, நான் செத்துப் போயிட்டனுங்களா?” என்று கேட்டார். கூடமே சிரித்தது.

நீங்கள் சிரிக்கவில்லை. சுக்குக் காப்பி டம்ளரை அவர் கையில் கொடுத்து, இரண்டு நிமிடம் பிடித்திருக்கச் சொன்னீர்கள். மறுபடி மாட்டினோம். தொண்ணூற்றேழு. “விரல் சில்லுனு இருந்தா உன்ற மிஷினு உளறும் சாமி. மொதல்ல கையத் தொட்டுப் பாரு” என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்திரியைக் கிழித்தீர்கள். அன்றிலிருந்து அந்த அணி முழுக்க எனக்கு ‘எண்பத்து நாலு சார்’ என்றுதான் பேர்.

நாம் எதில்தான் சண்டை போடவில்லை? மூச்சுப் பயிற்சிக்கு நான் கைப்பேசியில் மணி அடிக்க வைத்தேன். நாலு எண்ண இழு, ஆறு எண்ண விடு. எல்லோருக்கும் ஒரே மணி. கொஞ்சம் கனத்த உடம்புக்காரர் ஒருவர் மணியோடு ஓடமுடியாமல் வாயைப் பிளந்தார். “மூச்சு உடறதுக்கு பெல்லு எதுக்கு சாமி, இதென்ன பள்ளிக்கூடமா?” என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. அளக்காமல் செய்தால் அது வைத்தியமில்லை, வேண்டுதல் என்றேன். கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் என் வரியை அப்படியே உங்கள் வகுப்பில் சொன்னீர்கள். மணியை மட்டும் அணைத்துவிட்டீர்கள்.

பாடத்திட்டத்தில் ஆறாம் நாளை நீங்கள் சேர்த்தபோதும் நான்தான் முகம் சுளித்தேன். அன்று மருந்து இல்லை, ஆசனம் இல்லை, மூச்சு இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே பாடம்: யாருக்கு நாம் வைத்தியம் பார்க்கக்கூடாது, யாரைக் கீழே அனுப்ப வேண்டும். ஒருவர் நோயாளியாக நடிப்பார், இன்னொருவர் முடிவெடுப்பார். பயிற்சிக்கு வந்தவர்கள் அதற்கு ‘எறக்கி அனுப்பற நாள்’ என்று பேர் வைத்தார்கள். “நம்மகிட்ட மருந்து இருக்குது, ஆசனம் இருக்குது, மூச்சு இருக்குது. நாலாவதா வண்டி இருக்குது. வண்டிய மறந்தீங்கன்னா மத்த மூணும் பாவம்” என்பீர்கள். கீழே இருப்பவனுக்கு ஆஸ்பத்திரி பத்து நிமிடம். நமக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. அந்தக் கணக்கை மறக்கிறவனுக்கு மலையில் வைத்தியம் பார்க்கும் தகுதி இல்லை என்று எழுதிப் போட்டவரே நீங்கள்தான்.

அப்படிச் சொன்ன நீங்கள் இப்படிச் செய்யலாமா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் உங்கள் பங்கு பாதிதான். மீதி என்னுடையது. அதைத்தான் எழுத வந்தேன்.

மூன்றாம் அணி, ஒன்பதாம் நாள். காலையிலிருந்தே நீங்கள் சோர்வாக இருந்தீர்கள். தாடை வலிக்கிறது, சொத்தைப் பல் என்றீர்கள். முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவில், பிடித்திருக்கிறது என்றீர்கள். “நேத்து மொச்சைக் கொட்டை தின்னேன் சாமி. வாயு.” சுக்கு வெந்நீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். நடத்த வேண்டிய பாடம் நீள மூச்சு. உங்கள் வலியையே பாடமாக்கினீர்கள். “பாருங்க, வலி இருக்கறப்போ விடற மூச்சை இப்படி நீட்டோணும்.” இருபது பேர் நோட்டில் எழுதினார்கள். அவர்களில் யார் நோயாளியாக அப்படி வந்திருந்தாலும் மறுபேச்சில்லாமல் வண்டி ஏற்றியிருப்பீர்கள்.

பூங்கொடி எழுதவில்லை. பெரக்கரை நாட்டிலிருந்து வந்த பெண். மரவள்ளிக் காட்டு வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்தவள், மூன்றாம் வரிசை. எழுந்து வந்து என் காதருகே சொன்னாள்: “ஏனுங்க சார், அக்காவுக்கு வேர்க்குதுங்க. இந்தக் குளிர்ல ஆருக்குங்க வேர்க்கும்?”

நான் இந்தப் பிளாஸ்திரிக் கருவியை எடுத்து வந்தேன். பிளாஸ்திரியில் இருப்பதைப் படித்தேன். உங்கள் கையைத் தொட்டேன். சூடாக இருந்தது. வெந்நீர் டம்ளரைப் பிடித்திருந்த கை, சூடாக இல்லாமல் எப்படி இருக்கும்? மாட்டினேன். தொண்ணூற்றெட்டு. பூங்கொடியிடம் காட்டினேன்.

“கை சூடாத்தான் இருக்கு. மிஷின் நல்லாருக்குன்னு சொல்லுது. போய் உக்காரு.”

அவள் போய் உட்கார்ந்தாள். நீங்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது அக்கா, உங்கள் விதிப்படியே பார்த்துவிட்டேன் என்று. மாரடைப்பில் அந்த எண் கடைசிவரை நன்றாகவே காட்டலாம் என்று நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

முக்கால் மணி நேரம் போய், உங்களால் உட்காரவே முடியாமல் ஆன பிறகுதான் ஜீப்பை எடுத்தோம். வளைவுகளில் நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தீர்கள். “மொதல்லயே எறங்கியிருக்கோணும்” என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். அடிவாரம் வருவதற்கு முன்பே பிடி தளர்ந்துவிட்டது.

ஆபீஸில் கேட்டார்கள். திடீரென்று நடந்துவிட்டது என்றேன். உங்கள் வீட்டுக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “பக்கத்துல நீ இருந்தியே, அதுவே போதும் கண்ணு” என்றார். அவரிடமும் திடீரென்று என்றேன். பூங்கொடி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது உங்கள் மூச்சு வகுப்பை அவள்தான் எடுக்கிறாள். ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். இரண்டு வருடமாக அந்தப் பேச்சை மட்டும் எடுத்ததில்லை.

இந்த அணிக்கு இன்று ஆறாம் நாள். பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து ஒருங்கிணைப்பாளர் போனில் கூப்பிட்டார். மிளகு பறிக்கும் சமயம், ஆட்கள் அதிக நாள் தங்க மாட்டார்கள், பயிற்சியைச் சுருக்குகிறோம், இன்றைய நாளை எடுத்துவிட்டு நேராக மூலிகைப் பாடத்துக்குப் போங்கள் என்றார்.

“ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்றதுக்கு ஒரு முழு நாளாங்க? ஒரு தாள்ல அடிச்சுக் குடுத்தாப் பத்தாதா?”

“பத்தாதுங்க” என்றேன்.

“ஏங்க?”

என் கையில் உங்கள் கருவி. எதிரே பூங்கொடி பாய்களை விரித்துக்கொண்டிருந்தாள். அந்த ‘ஏங்க’வுக்கு என்னிடம் ஒரே ஒரு உண்மையான பதில்தான் இருந்தது. அதைச் சொன்னேன். நான் பார்த்தேன், பூங்கொடி சொன்னாள், நான் உட்கார வைத்தேன், முக்கால் மணி நேரம் போனது. எல்லாம் தெரிந்த டாக்டரும் நானும் சேர்ந்தே தவறினோம். ஒரு தாள் எங்கள் இருவரையும் தடுத்திருக்காது. தாள் எழுதியவரே அவர்தான்.

பூங்கொடியின் கையில் பாய் பாதி விரிந்தபடியே நின்றது. போனில் ஒருங்கிணைப்பாளர், “இதை எழுத்துல தர முடியுமாங்க?” என்று கேட்டார். தருகிறேன் என்றேன். “சரி, இன்னைக்கு நடத்துங்க. அடுத்த அணிக்குப் பேசிக்கலாம்.” அடுத்த அணிக்கும் நடக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். வேலையை எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும், ஆறாம் நாளை எடுக்க விடமாட்டேன்.

பிறகு அதையே இருபத்திரண்டு பேர் முன்னால் நின்று சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு நானே நோயாளியாக உட்கார்ந்தேன். நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொண்டேன். கையில் வெந்நீர் டம்ளர், விரலில் உங்கள் கருவி, தொண்ணூற்றெட்டு. தாடை வலிக்கிறது, பல்தான் என்றேன். நேற்று மொச்சை தின்றேன் என்றேன்.

கதையைக் கேட்ட கையோடு வந்தவர்கள்தான், நம்பமாட்டீர்கள், முதல் ஆள் எனக்கு நீள மூச்சு சொல்லிக் கொடுத்தார்! இரண்டாவது ஆள் கருவியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி கருவியைப் பார்த்தார். “கொஞ்ச நேரம் பாக்கலாங்க சார்” என்றார். வாத்தியார் சொல்லை மீற இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது அக்கா. உங்களைக் கொன்றதில் அதற்கும் பங்கு உண்டு.

மூன்றாவதாக அடிவாரத்திலிருந்து வந்த செல்வி. கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள்.

“எனக்கு ஒண்ணுமில்ல. நான் இந்த மிஷினப் படிச்சவன்” என்றேன்.

“படிச்சவராவே இருங்க. மொதல்ல டம்ளரக் கீழ வைங்க.”

“நான் வாத்தியார், நான் சொல்றேன்…”

“வாத்தியாரா இருந்தா வேர்க்காதுங்களா? வாய மூடிட்டு எந்திரிக்காம அப்படியே உக்காருங்க சார். பூங்கொடிக்கா, வண்டியக் கூப்பிடுங்க!”

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது.

இனி விதி இதுதான். ஆறாம் நாளில் என் பேச்சை மீறாத எவருக்கும் சான்றிதழ் கிடையாது. முதல் இரண்டு பேருக்கும் நாளைக் காலை மறுபடி தேர்வு. எத்தனை முறை வேண்டுமானாலும் வைப்பேன். எனக்குப் பொறுமை இல்லை என்பீர்களே, இதற்கு மட்டும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி உங்கள் வீட்டுக்குப் போகிறேன். உங்கள் வீட்டுக்காரர் என் கையைப் பிடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் பிடிப்பதும் விடுவதும் அவர் இஷ்டம்.

சாயங்காலம் கருவிகளைப் பெட்டியில் அடுக்கும்போது பூங்கொடி பிளாஸ்திரிச் சுருளோடு வந்தாள். “அன்னைக்கு நான் இன்னொருக்கா எந்திரிச்சு வந்திருக்கோணுங்க சார்” என்றாள். இல்லை, நான் உன்னை உட்கார வைத்திருக்கக் கூடாது என்றேன். அவள் ஒரு துண்டு கிழித்து, உங்கள் எழுத்துக்குக் கீழே ஒட்டி, பேனா கேட்டாள். கொடுத்தேன்.

‘வேர்க்குதா?’

அந்தக் கருவியைப் பெட்டியில் வைக்கவில்லை. சட்டைப் பையில் இருக்கிறது.