சாட்சிக் கையெழுத்து

நான் உன்னைத் தடுத்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உன் வருஷப் பூசை முடிந்த பிறகும் கோயில் வாசலில் என்னைக் காட்டி அதே பேச்சுதான். "அம்பத்தூர் அக்கா எவ்ளோ சொன்னாங்க, இவங்கதான் கேக்காம அந்த ஸ்டெம் செல் ஊசியைப் போட்டுக்கினாங்க." அது உண்மையல்ல. நான் உன்னைத் தடுக்கவில்லை. போ என்று சொன்னவளே நான்தான்.

இன்று காலை, என் கணவருடைய பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டுமென்று அலமாரியைக் கலைத்தேன். உனக்கு அந்த ஊசியைப் போட்ட கிளினிக்காரர்கள் கொடுத்த உறை கையில் சிக்கியது. வழவழப்பான கெட்டித் தாள், அச்சு வாசனை இன்னும் போகவில்லை. உள்ளே சம்மதப் படிவத்தின் நகல். உன் கையெழுத்து கோட்டுக்கு மேலும் கீழுமாக ஓடியிருக்கிறது. அதற்குக் கீழே, சாட்சி என்ற இடத்தில், என் கையெழுத்து. நேராக இருக்கிறது.

பார்க்கின்சன் நோய் உன் வலது கையில் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. காபி சிந்தியதையெல்லாம் நீ சிரித்தே சமாளித்தாய். "டம்ளர் தானா டான்ஸ் ஆடுதுடி, நான் இன்னா பண்றது?" ஆனால் ஒரு ஞாயிறு பூசையில், சாமியாரிடம் நன்மை வாங்கும்போது அந்தப் புனித அப்பம் உன் கையிலிருந்து தரையில் விழுந்தது. அதன் பிறகு பூசைக்கு வந்தாலும் கடைசி பெஞ்சை விட்டு நீ எழுந்திருக்கவில்லை. "ஒரே ஒரு தடவை கை நடுங்காம வாங்கணும்டி. அப்புறம் என்ன ஆனாலும் சரி," என்றாய். கோவில்பதாகை போகும் ஆட்டோவில் அதைச் சொன்னாய். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அரசு மருத்துவமனை டாக்டர் நம்மிடம் ஒளிக்காமல்தான் சொன்னார். அவர் மேஜையில் பாதி கடித்த வடை, அவருடைய ஒரு கால் செருப்பில்லாமல். "இன்னாமா, இந்த நோய்க்கு ஸ்டெம் செல்லு இன்னும் ஆராய்ச்சியிலதான் கீது. விளம்பரத்தைப் பாத்துட்டு போய் ஏமாறாத. மாத்திரையை நேரத்துக்குப் போடு, நல்லா நட." உன்னிடம் ஒருமையில் பேசினார் என்பதுதான் என் காதில் ஏறியது. பஸ்ஸில் வரும்போது, "மரியாதை தெரியாத ஆளுக்கு மருத்துவம் என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

பூந்தமல்லி சாலையிலிருந்த கிளினிக்கிலோ வரவேற்புப் பெண் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். உன் இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜை எடுத்து, ஸ்டெம் செல்களைப் பிரித்து, முதுகுத்தண்டில் ஊசியாகப் போடுவார்களாம். மூளையில் செத்த செல்லெல்லாம் மறுபடி வளருமாம். அழகான இங்கிலீஷில் விளக்கினார்கள். எஸ்டேட் கம்பெனியில் முப்பது வருடம் மேனேஜருக்குக் கடிதம் தட்டச்சு செய்தவள் நான். தாளைத் தொட்டுப் பார்த்தே அது எப்படிப்பட்ட கம்பெனி என்று சொல்லிவிடுவேன் என்ற கர்வம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தத் தாளையும் தொட்டுப் பார்த்தேன்.

நீ எட்டாவதோடு கான்வென்டை விட்டவள். படிவத்தை என் பக்கம் நகர்த்தி, "இதுல இன்னாடி போட்டிருக்கு?" என்று கேட்டாய். பலனுக்கு உறுதியில்லை என்றும், முதுகில் கிருமித்தொற்று வரலாம் என்றும் அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. நான் வாசித்தேன். உனக்கு வாசித்துக் காட்டவில்லை. "எல்லா இடத்திலும் போடுவதுதான். கையெழுத்துப் போடு," என்றேன். உன் மகளிடம் கேட்டுவிட்டுப் போடட்டுமா என்றாய். "ஷைனி வேண்டாம் என்பாள். குணமான பிறகு சொல்லிக்கொள்ளலாம்," என்றேன். "நீ சொன்னா சரியாத்தான்டி இருக்கும்," என்று பேனாவை எடுத்தாய்.

முதல் ஊசிக்குப் பிறகும் இரண்டாவதற்குப் பிறகும் உன் கையில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. பதினொரு நாளில் நீ போய்விட்டாய். அடக்கத்தன்று யாரோ என்னைப் பார்த்து, "நீங்க தடுத்திருப்பீங்களே, அக்கா," என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். திருத்த எனக்கு ஒரு வருடம் இருந்தது. திருத்தவில்லை.

கல்லறைத் திருநாளன்று உன்னிடம் வந்தேன். சுற்றிலும் எல்லாக் கல்லறையிலும் பூவும் மெழுகுவர்த்தியும். உன்னுடையதில் புல் முளைத்திருந்தது. ஷைனிக்குப் போன் செய்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, ஆன்ட்டி. நீங்க சொன்னதையும் கேக்கல. அவங்க பிடிவாதம் அவங்களுக்கு. நான் வந்து எதுக்கு மெழுகுவத்தி ஏத்தணும்?" என்றாள். அப்போதும் உண்மையைச் சொல்லாமல் போனை வைத்தேன். நானே புல்லைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று. சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். அதனால் எதுவும் குறையவில்லை. "இதுல இன்னாடி போட்டிருக்கு?" என்று நீ கேட்ட அந்த ஒரு கேள்வியோடுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன். இனி எது செய்தாலும் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் இந்தக் கடிதத்தின் உறையில் ஷைனியின் முகப்பேர் விலாசத்தை எழுதப் போகிறேன்.

ஷைனி, உன் அம்மா பிடிவாதத்தால் போகவில்லை. என்னை நம்பிப் போனாள். என்னை மன்னிக்கும்படி நான் கேட்கவில்லை. போன் செய்யாதே, நேரிலும் வராதே. பேச்சென்று வந்தால் நான் எப்படியாவது என் பக்கம் நியாயம் சேர்த்துவிடுவேன். இதைப் படித்தாயா, நம்புகிறாயா, அம்மாவின் கல்லறைக்குப் போவாயா என்பதை மட்டும் தயவுசெய்து எழுத்தில் பதிலாக அனுப்பு.