உன் பெயர் வராத விளையாட்டு

முரோரான்
மார்ச் கடைசி வாரம்

நாகிசாவுக்கு அம்மா எழுதுவது.

உன் பெயரைத் திருடிவிட்டார்கள். இதை எழுதினால்தான் மற்றதை எழுதக் கை வருகிறது. நானும் அப்பாவும் நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, அதனால் இருக்கிறோம் என்று வைத்துக்கொள். வாசலில் ஒதுக்கிய பனி இன்னும் கரையவில்லை, புகையும் சரளையும் ஏறிக் கறுத்துக் கிடக்கிறது. தெற்கே உங்கள் ஃபுக்குவோகாவில் செர்ரி பூத்திருக்கும், போய்ப் பார்த்தாயா, இல்லை அந்தக் கிடங்கில் குனிந்து பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டே இருக்கிறாயா? அப்பாவின் மூச்சு போன மாதத்தைவிட மோசம். ஆயுளெல்லாம் விழுங்கிய உருக்காலைத் தூசி நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது, இப்போது வீட்டிலும் மூக்கில் ஆக்சிஜன் குழாய்தான். அதன் பக்கத்தில் நெருப்பு கூடாது என்பதால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை எடுத்தாகிவிட்டது, மின்சார ஹீட்டரில் எனக்கு முதுகு காய்வதில்லை. மருத்துவர் முன்பெல்லாம் கோடையைப் பற்றிப் பேசுவார், இப்போது அடுத்த வாரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார். அப்பாவுக்கும் அது புரிகிறது. அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சாவதற்குள் மகள் செய்த ஏதாவது ஒன்றை, இது என் மகள் செய்தது என்று தெரிந்து பார்த்துவிட வேண்டும்.

நீ ஓவியராக வேலை பார்த்த வீடியோ விளையாட்டு வந்த அன்றே வாங்கிவிட்டோம் என்று முன்பே எழுதியிருந்தேன். ஆனால் எங்கள் இருவருக்கும் கன்ட்ரோலரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. பழைய கேம் விற்கும் குடோதான், “அண்ணே, நேரா இதுல எறங்குனீங்கன்னா மொதப் பாலத்துலயே செத்துருவீங்க, சின்னதா நாலு ஆடிப் பழகுங்க” என்று ஒரு பை நிறையக் கொடுத்தார். மீன் பிடிக்கும் விளையாட்டு மோசமில்லை, கடல் நன்றாக இருக்கிறது, ஆனால் மீன் துள்ளவே மாட்டேன் என்கிறது, அப்பா “இது மீனா, ஈரச் செருப்பா” என்று கேட்டார். பண்ணை விளையாட்டில் இன்று விதைத்த முள்ளங்கி நாளை மறுநாள் விளைந்துவிடுகிறது, ஊரில் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள், யாருக்கும் வேலை போவதில்லை, யாரும் ஊரைவிட்டுப் போவதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன். கார்ப் பந்தயத்தில் அப்பாவுக்கு இருமல் வந்தது. வாள் சண்டைதான் எனக்குப் பிடித்தது, சிரிக்காதே, சூப்பர்மார்க்கெட் சமையல் கட்டில் என்னை விரட்டும் மேனேஜர் ஜாடையில் ஒரு பேய் அதில் வருகிறது. பயம் காட்டும் விளையாட்டு ஒன்றும் இருந்தது. ஆளில்லாத ஊர், மூடிய கடைகள், விளக்கெரியாத ஆஸ்பத்திரி. “இதுக்கு எதுக்குடி டிவி, ஜன்னலத் தொற” என்றார் அப்பா.

அப்புறம்தான் உன்னுடையதில் இறங்கினோம். உள்ளதைச் சொல்கிறேன், கதை சுமார், அந்தக் கதாநாயகன் ஓயாமல் பேசுகிறான். ஆனால் அந்தத் துறைமுக ஊர் இருக்கிறதே, அது பொய்யில்லை. வெளியூர்க்காரன் பனியை வெள்ளையாக வரைவான், அதில் பேருந்து நிறுத்தத்தில் குவிந்த பனி நம் வாசல் பனி மாதிரி கறுத்திருக்கிறது. மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு கதவு, கதவோரம் ஒரு சிவப்பு மண்ணெண்ணெய் டப்பா. அதன் மூடி தொலைந்து, வாயில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருக்கிறது. அப்பா கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு நம் வாசல் டப்பாவைக் காட்டினார். அந்த மூடியைத் தொலைத்தது நீ, பையைக் கட்டியது அவர். “எவனாவது இதை டோக்கியோவுல உக்காந்து யோசிச்சிருப்பானா, சொல்லு” என்றார். அது நீ வரைந்ததா என்று அப்போதே உனக்கு எழுதிக் கேட்டேன். நீ, நான் அனுப்பிய கொம்பு கடற்பாசிப் பொட்டலம் வந்து சேர்ந்தது என்று மட்டும் பதில் போட்டாய்.

சரி, கடைசியில் பெயர் ஓடும் அல்லவா, அதில் பார்த்துக்கொள்வோம் என்று குளிர்காலம் முழுக்க ஆடினோம். அப்பாவுக்கு இருமல் வரும்போது கன்ட்ரோலரை நான் வாங்கிக்கொள்வேன், நான் வேலைக்குப் போனால் அவர் எனக்காகக் காத்திருப்பார். போன ஞாயிறு மதியம் முடித்தோம். அப்பா சவரம் செய்து வெளுத்த சட்டை போட்டுக்கொண்டார், குடோவைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். பெயர்கள் ஓடின. முதலாளி, முதலாளிக்குக் கீழே பத்து முதலாளிகள், குரல் கொடுத்தவர்கள், விளம்பரம் செய்தவர்கள். பின்னணி ஓவியம் என்று வந்ததும் அப்பா குழாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார். நீ இல்லை. இந்த விளையாட்டு உருவான காலத்தில் அங்கே வேலை செய்தவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் என்று கூட ஒரு வரிசை வந்தது, நாகிசா. தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கெல்லாம் பெயர் இருக்கிறது, மேசைக்கடியில் தூங்கி எழுந்து வரைந்த உனக்கு இல்லை. அப்பா, “கண்ணு அசந்துட்டேன், திருப்பிப் போடு” என்றார். திருப்பிப் போட்டேன். அவர் கண் அசரவில்லை, எனக்குத் தெரியும். இரண்டாவது முறையும் முடிந்த பிறகு குடோ தரையைப் பார்த்துக்கொண்டு, “கேம் வெளிய வர்றதுக்கு முன்னாடி வேலைய விட்டவங்க பேர நெறைய எடத்துல எடுத்துருவாங்க அக்கா, இந்தத் தொழில்ல அது வழக்கம்” என்றார். நீயா விட்டாய்? மேசையிலேயே விழுந்த உன்னை ஆம்புலன்ஸில் அல்லவா ஏற்றினார்கள்? ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே ராஜினாமாவில் கையெழுத்து வாங்கினார்கள், அதற்குப் பெயர் வேலையை விட்டதாம்.

மறுநாள் உன் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். போடாதே என்று நீ சொல்வாய், போட்டுவிட்டேன். ஒரு பையன் எடுத்தான், உன் வயதுதான் இருக்கும். மன்னிக்கவும், மன்னிக்கவும் என்று அவன் குனிவது ஃபோனிலேயே கேட்டது. நான், “பேர் வேண்டாம்ப்பா, எம் பொண்ணு எதை வரைஞ்சான்னு மட்டும் சொல்லு, அவ அப்பாவுக்கு நேரமில்ல” என்றேன். “அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்க அம்மா” என்றான். “நீ வரைஞ்சதை உங்கம்மாவுக்குச் சொல்லிருக்கியா?” என்று கேட்டேன். அவன் மெதுவாக, “நானும் இந்த மாசத்தோட நின்னுடறேன் அம்மா” என்று வைத்துவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பிள்ளை சாப்பிடுகிறதா என்று யோசித்துக்கொண்டே அன்றைக்கு முழுக்கக் கடையில் கத்தரிக்காய் பொரித்தேன்.

இப்போது அப்பா வேறெதுவும் ஆடுவதில்லை. தினமும் மாலையில் விளையாட்டுக்குள் அந்தச் சந்துக்குப் போய் டப்பாவுக்கு முன்னால் நிற்கிறார். அவ்வளவுதான். அங்கே பனி பெய்கிறது, அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று நான் சாதம் ஆறுகிறது என்றதற்கு, “இது அவளுது இல்லன்னா நான் யாரோட வாசல்லடி நிக்கிறேன்?” என்று கேட்டார். நான் சாதத்தை மூடிவைத்தேன். நீ கம்பெனி ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய், சொன்னால் வழக்குப் போடுவார்கள் என்று பயப்படுகிறாய், தெரியும். பெயரைக்கூடத் தராதவர்களுக்கு இன்னும் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இரவில் சோறு சமைத்துச் சாப்பிடு, கடை ரொட்டியோடு படுக்காதே. குனிந்து தூக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு. மயக்கம் வந்தால் அந்த நிமிடமே உட்கார்ந்துவிடு, யார் திட்டினாலும் திட்டட்டும். விழுந்த பிறகு யாரும் உன்னுடையவர்கள் இல்லை, பார்த்தாய் அல்லவா. உன் உடம்பு உனக்கு நிலைக்கட்டும், உன் கை நோகாமல் இருக்கட்டும், அவ்வளவுதான் என் ஆசீர்வாதம். பெரிதாக வாழ்த்த எனக்கு மனம் வரவில்லை. மே மாத விடுமுறைக்கு வருகிறேன் என்றாய். மே வரைக்கும் காத்திராதே.

இப்படிக்கு,
உன் அம்மா ஹட்சுவே

அந்த டப்பா நீ வரைந்ததுதானா? ஆம், இல்லை, ஒரு வார்த்தை போதும். அப்பா கேட்கிற நிலையில் இருக்கும்போதே சொல்.