அவள் சொல்லாத கேள்விகள்

மார்ச் 3

மனைவி பரீட்சையில் பாஸ். வாழ்த்துச் சொன்னேன், குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. பத்தொன்பது வருடமாக ஏணி ஏறி வைஃபை பெட்டி மாட்டுகிறவன் நான். கல்யாணமான புதிதில் அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். தொழிலைக் கற்றுக்கொடுத்ததே நான்தான். இப்போது வயர்லெஸ் சான்றிதழ் அவள் கையில். எனக்கு இருபதாம் தேதி அதே பரீட்சை.

மார்ச் 5

கம்பெனி எடுத்திருக்கும் ஆஸ்பத்திரி வைஃபை வேலைக்குப் புது விதி. சான்றிதழ் வைத்திருப்பவர்தான் பெட்டி மாட்டும் இடங்களின் வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் தேறாவிட்டால் நான் போட்ட படம் அவள் பெயரில் போகும். ஒரே வீடு, ஒரே கம்பெனி, யார் போட்டால் என்ன என்கிறார் அங்குள்ள இன்ஜினீயர். அவருக்கென்ன!

மார்ச் 9

படிக்க உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். சிக்னல் பலத்துக்கான டெசிபல் கணக்கு மண்டையில் ஏறுவேனா என்கிறது. இதையெல்லாம் போட்டுப் பார்த்தா இத்தனை கட்டடத்துக்கு வைஃபை கொடுத்தேன்? நடந்து பார்ப்பேன், மாட்டுவேன், ஓடும்.

மார்ச் 14

வெட்கத்தை விட்டு அவளிடம் கேட்டேன். என்னென்ன வந்தது, சும்மா கோடி காட்டு என்று. கேள்வியை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எழுதவே விடுவார்களாம். புருஷனிடம் கூடவா?

"சொல்லிடலாம். நீங்களும் பாஸாயிடுவீங்க. அப்புறம் நான் படிச்சு வாங்கினதுக்கு என்ன மரியாதை?"

மார்ச் 15

ஒரே வண்டியில்தான் வேலைக்குப் போனோம். ரேடியோ மட்டும் பேசியது.

மார்ச் 20

ஃபெயில். நாலு மார்க்கில் போச்சு — எல்லாம் அந்தக் கணக்கில். கால்குலேட்டர் கூடக் கிடையாதாம், என்ன அநியாயம் இது! இந்த வயசுல எனக்கு இது தேவையா? யார் என்னைக் கேக்கப் போறா?

வெளியே அவள் காத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தாள். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

மார்ச் 24

கையெழுத்துப் போடும் முன் என் வரைபடத்தை அறை அறையாகச் சரிபார்த்தாள். சுருக்கென்றது. பிரசவ வார்டில் ஒரு பெட்டியை இடம் மாற்றச் சொன்னாள். ஏன் என்றேன். லிஃப்டும் அதன் சுவரும் சிக்னலில் இவ்வளவு தின்றுவிடும், நர்ஸ் கையில் இருக்கும் போனுக்கு இவ்வளவுதான் மிஞ்சும் என்று காகிதத்தில் நாலு வரி போட்டுக் காட்டினாள். நான் அந்த வார்டில் நடந்து பார்த்தவன். லிஃப்ட் அப்போது மேல் மாடியில் நின்றிருக்க வேண்டும். எனக்கு சிக்னல் நன்றாகத்தான் கிடைத்தது. அது கீழே வந்து நடுவில் மறித்தால்? யோசிக்கவே இல்லை. படத்தில் இடத்தை மாற்றினேன்.

மார்ச் 27

மறுபடி தேதி வாங்கியாச்சு. சாயங்காலம் அவள் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். பிறகு சொன்னேன்.

"கேள்வி வேணாம். அந்தக் கணக்க மொதல்லேர்ந்து சொல்லிக்கொடு."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பேன். பென்சிலை என் பக்கம் நகர்த்தினாள்.

முதல் கணக்கே தப்பு. அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.