அக்காவுக்குக் குமட்டும்

மேசை மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு ரெக்சின் துண்டு கிடக்கிறது. பிஸ்கட் கலர். அதைப் பார்த்ததும் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும் போலிருந்தது. நேரில் இருந்தால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வீர்கள். இப்போது அதற்கு வழியில்லை, கேளுங்கள்.

போன மாதம் நம் சாலமன் சென்னையிலிருந்து வந்தபோது ஒரு பொட்டலத்தை என் மடியில் கொட்டினான். எல்லாம் ரெக்சின் துண்டுகள். மெரூன், கறுப்பு, சாம்பல், பிஸ்கட் கலர், பெயர் தெரியாத ஒரு பச்சை. "அப்பா காருக்கும்மா. மொத்த செட்டா வருது. சீட்டு உறை, கதவு அட்டை, கூரைத் துணி, கால் விரிப்பு எல்லாம். நீங்களே ஒண்ணை எடுத்துக் குடுங்க" என்றான். வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் குமட்டிவிட்டது. அடுப்படிக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டு வந்துதான் அவன் பக்கத்தில் உட்கார முடிந்தது. "இன்னுமாம்மா?" என்று சிரித்தான். அவனும் உங்கள் மகன்தானே.

நீங்கள் போன பிறகு அந்த அம்பாசடர் விளாங்குடி வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில், தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. எலி உள்ளே குடும்பம் நடத்தியது. விற்றுத் தொலையடா என்று நான் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, துருப்பிடித்த தகரத்தை மாற்றி, அதே பழைய வெள்ளையை அடித்து நிறுத்திவிட்டான். உங்கள் நினைவு நாளுக்கு அதில்தான் கோயிலுக்கும் கல்லறைக்கும் போக வேண்டுமாம். உட்காரும் இடம் மட்டும்தான் பாக்கி.

மேலூரிலிருந்து அந்தக் காரை நீங்கள் ஓட்டிக்கொண்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய கார்தான். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டிலும் சரி, என் வீட்டிலும் சரி, யாரும் ஒரு மாட்டுவண்டிகூடச் சொந்தமாக வைத்திருந்ததில்லை. அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பங்கள். நீங்கள் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார், நான் அதே பள்ளி ஆபீஸில் கிளார்க். காரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினேன். பிள்ளைகள் இருவருக்கும் தலை சீவிவிட்டேன். ஓடிப் போய் முன்கதவின் கைப்பிடியில் கை வைத்தேன்.

"இரு இரு. அக்கா முன்னாடி உக்காரட்டும். பின்னாடி உக்காந்தா அக்காவுக்குக் குமட்டும்" என்றீர்கள்.

நான் கையை எடுத்துவிட்டேன். எடுக்காமல் என்ன செய்வது? உங்கள் அக்கா யார் என்று எனக்குத் தெரியாதா? சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி உங்களைப் படிக்க வைத்தவர். சின்ன வயதிலேயே தாலியைப் பறிகொடுத்துவிட்டு நம்மோடு வந்து தங்கியவர். அவருக்கு ஒரு முன்சீட்டு கொடுத்தால் குறைந்தா போய்விடுவேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு ஏறியவள்தான். நீங்கள் ஓட்டிய காலம் முழுக்க எனக்குப் பின்சீட்டுதான்.

அந்தப் பின்சீட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. வெயிலில் காய்ந்த ரெக்சினும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து தொண்டைக்கு வரும். இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, மடியில் சாப்பாட்டுத் தூக்கு, கையில் எலுமிச்சம்பழம். ஒருமுறை மேலூர் போகும் வழியில் பையை எடுப்பதற்குள் சீட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். ஓரமாக நிறுத்தினீர்கள். தண்ணீர் கொண்டு வருகிறீர்கள் என்று நினைத்தேன். மஞ்சள் துணியோடு வந்து முதலில் சீட்டைத் துடைத்தீர்கள்.

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல? ரெக்சின்ல கறை புடிச்சா போகவே போகாது."

"எனக்குந்தான குமட்டுது" என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

"உனக்கு அது பழகிடும்."

அடுத்த வாரமே நான் உட்காரும் இடத்தில் ஒரு டர்க்கித் துண்டை விரித்தீர்கள். எனக்காக என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒரு போதகர் வந்தாரே, அவர் கோயில் வாசலில் நின்று, முன்கதவைத் திறந்து இறங்கிய உங்கள் அக்காவைப் பார்த்து, "சார் வீட்டம்மாவா? தோத்திரம்மா" என்று கும்பிட்டார். பின்னால் சாப்பாட்டுத் தூக்கும் பிள்ளைகளுமாக நான் இறங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "இல்லீங்கய்யா, இது எங்க அக்கா" என்றீர்கள். அவர் என்னைக் காட்டி, "அப்போ இவங்க?" என்றார். "பிள்ளைகளோட அம்மா" என்றீர்கள். என் மனைவி என்று சொன்னால் நாக்கா வெந்துவிடும்?

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். சாலமன் என்னையும் உங்கள் அக்காவையும் ஆட்டோவில் ஏற்றிக் குஷன் கடைக்குக் கூட்டிப் போனான். மதினிக்கு இப்போது முதுகு வளைந்துவிட்டது, வாய் மட்டும் வளையவில்லை. கடை வாசலில் நம் காரின் பழைய சீட்டுகளைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். தேங்காய் நார் பிதுங்கிக்கொண்டிருந்தது. பின்சீட்டு முழுக்க வெளுத்து வெடித்திருக்க, துண்டு விரித்திருந்த இடம் மட்டும் சதுரமாக, வாங்கிய நாளின் மெரூன் நிறத்திலேயே இருந்தது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். கறை ஒன்றும் இல்லை. போகவே போகாது என்றீர்களே!

கடைக்காரர் துண்டுகளை வாங்கிக்கொண்டு, "முன்னாடி பழைய மாதிரி ஒரே நீளச் சீட்டா, இல்ல தனித்தனியா ரெண்டா? செட்டு ரெண்டு விதமாவும் வருது" என்று கேட்டார்.

"தனித்தனியாவே போடுங்கண்ணே. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல இருக்கிறது நல்லா சாயணும். அங்க எங்க அத்தைதான் உக்காருவாங்க. அவங்களுக்குக் குமட்டும்" என்றான் சாலமன்.

வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்தார். "யாருக்குடா குமட்டும்?"

"உங்களுக்குத்தான் அத்தை."

"எனக்கெதுக்குடா குமட்டுது? வெத்தலைக் கூடையோட லாரில மூட்டை மேல உக்காந்து மதுரைக்கு வந்தவடா நானு. ஒரு நாளு ஒரு பொழுது குமட்டுனதில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான தாயி சொன்னியாம்? புருசன் பக்கத்துல உக்காந்து ஊருக்குள்ள போக வெக்கமா இருக்கு, பின்னாடிதான் தோதுன்னு. தம்பி சொன்னானே! அதனாலதான நானும் வாய மூடிக்கிட்டு ஏறி உக்காந்தேன்."

"மதினி, உங்களுக்குக் குமட்டும்னு எங்கிட்ட சொன்னாரு" என்றேன்.

அவர் மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். சாலமன் போனைப் பார்க்கத் தொடங்கினான். "அட கிறுக்குப் பயலே" என்று மதினி சொன்னது உங்களைத்தான். அவர் உங்களைத் திட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாலு பேரு சிரிப்பாய்ங்கன்னு பயந்திருப்பான் தாயி. பொண்டாட்டியப் பக்கத்துல வச்சு ஓட்டுறான் பாருன்னு. அம்புட்டுதான் இருக்கும்."

"அம்புட்டுதானா மதினி?"

அவர் அப்போதுதான் அந்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். கடைக்காரர்தான் சூழ்நிலை புரியாமல், "தனித்தனியா எதுக்குங்க? நீளச் சீட்டே போடலாம்மா. இதுல கியரு ஸ்டியரிங்கு ஓரத்துலதான இருக்கு. முன்னாடி மூணு பேரு தாராளமா உக்காரலாம்" என்றார்.

மூன்று பேர்! நம் தெருவில் ஓடிய வாடகை அம்பாசடர் அத்தனையிலும் முன்னால் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு போனதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். உங்கள் அக்காவுக்கு உண்மையாகவே குமட்டியிருந்தாலும் எனக்கு அங்கே இடம் இருந்திருக்கிறது. இதை ஒரு தடவைகூட யோசிக்காமல் பள்ளியில் சம்பளக் கணக்குப் பார்த்தேன், பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். இல்லை, என்னை ஏன் சொல்ல வேண்டும்? உங்களைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரே வீட்டில் ஒரே அரிவாள்மணையில் மாற்றி மாற்றிக் காய் நறுக்கிய இரண்டு பெண்களிடம் இரண்டு பொய் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். குமட்டலைப் பற்றிக் கேட்டால் அவர் மனம் நோகுமென்று நான் கேட்கவில்லை. வெட்கத்தைப் பற்றிக் கேட்டால் நான் கூசிப்போவேன் என்று அவர் கேட்கவில்லை. அந்த மரியாதையில்தான் நீங்கள் வண்டி ஓட்டியிருக்கிறீர்கள். நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒருவேளை ஜெயித்தும் இருப்பேன். அது தெரிந்துதானே சொல்லவில்லை?

"நீளச் சீட்டே போடுங்க" என்றேன். "இந்தப் பிஸ்கட் கலர்ல."

"கறை பட்டா பளிச்சுன்னு தெரியும்மா" என்றார் கடைக்காரர்.

"தெரியட்டும்."

நேற்று உங்கள் நினைவு நாள். சாலமன் ஓட்டினான். மதினி நடுவில், நான் சன்னலோரம். பின்சீட்டில் மாலையும் ஊதுபத்தியும் மட்டும். திண்டுக்கல் ரோட்டில் காற்று முகத்தில் அடித்தது. புது ரெக்சின் வாடை வண்டி முழுக்க இருந்தது. மடியில் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே போனேன். கல்லறைத் தோட்டமும் வந்துவிட்டது.

"குமட்டுச்சா தாயி?" என்றார் மதினி.

"இல்ல மதினி."

இல்லைங்க. முன்னால் உட்கார்ந்திருந்தால் ஒருநாளும் குமட்டியிருக்காது.

அவர்கள் மாலை போட்டார்கள், ஜெபம் பண்ணினார்கள். நான் கண்ணை மூடவில்லை. அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதற்காக என்று கேட்டேன். வெட்கம்தானா, வேறு ஏதாவதா? அதையாவது ஒரு நாள் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

திரும்பி வந்து கைப்பையைத் திறந்தேன். எலுமிச்சம்பழம் நகம் படாமல் முழுசாக இருந்தது. வெளியே எடுத்து வைக்கப் போனவள், மறுபடியும் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். இனி அது எனக்குத் தேவையில்லை. ஆனாலும் அது இல்லாமல் என்னால் வாசலைத் தாண்ட முடியாது. உனக்கு அது பழகிடும் என்றீர்களே, நீங்கள் என்னிடம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

இப்படிக்கு,
பிள்ளைகளோட அம்மா