புரட்டி வைத்த இலை

திருகோணமலை,
12.3.1971

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதமும் பூவும் நேற்றைய லாஞ்சிப் படகில் வந்தன. "நான் வேலை செய்யிற கந்தோர் வாசலில் நானே பிடுங்கினனான். இது என்ன பூ, ரீச்சரம்மா?" என்று வழக்கம்போல் கேட்டிருக்கிறீர்கள். இது ஓரிதழ்த்தாமரை. ஒரு பெரிய இதழ்தான் கண்ணுக்குத் தெரியும். மற்றவை சிறுத்து ஒடுங்கியிருக்கும்.

நம் கல்யாணம் முடிந்து தோப்பூருக்கு மாற்றலாகிப் போன இந்த ஆறு வருடங்களில் நீங்கள் அனுப்பிய பூக்களெல்லாம் வேரறுந்து நசுங்கித்தான் வந்தன. தண்ணீரில் ஊறவைத்து, இதழ் பிரித்துப் பெயர் கண்டுபிடிப்பேன். அதுவே எனக்குச் சந்தோஷம்.

இந்தப் பூ அப்படியில்லை. வேரைக் கழுவி, ஒரேயொரு இலையை மட்டும் அடிப்பக்கம் தெரியும்படி புரட்டி வைத்துக் காயவைத்திருக்கிறது. கலாசாலை விடுதியில் அதை நான் சொல்லிக்கொடுத்தது என் தோழி லைலாவுக்கு மட்டும்தான். "பாவம், அந்த இலை என்னடி குற்றம் செய்தது?" என்று சிரிப்பாள். ஜனவரி முதல் அவள் தோப்பூரில் படிப்பிக்கிறாளாம். போன கிழமை யாரோ சொல்லித்தான் அறிந்தேன். நீங்கள் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர வேண்டாம்.

இந்தப் பூவின் பெயர் அவளுக்கு நன்றாகத் தெரியும், மச்சான். பிறகு ஏன் இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் கேட்டீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் ரீச்சரம்மா