கரடி கட்சிக்காரனான என் மச்சானுக்கு

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் உன் வீட்டு அலமாரியைத் திறந்தேன். தைல வாசனை குப்பென்று அடித்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் பாட்டிலில் இன்னும் கால்வாசி இருக்கிறது. உன் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிற நேரம். இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று உன் பெண்டாட்டி, அதாவது என் தங்கச்சி, துடைத்த நாற்காலியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டு எடுக்கப் போன நான் பாட்டிலை மோந்துகொண்டு நின்றுவிட்டேன்.

டிவியில் மல்யுத்தம் பார்த்துவிட்டுத் தன் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்ட ஆள் இந்த உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். அமெரிக்காவில் ஒருவன் ஏணியிலிருந்து விழுவான். இங்கே சிதம்பரம் வண்டிகேட்டில் நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்பாய்.

அந்த நிகழ்ச்சிக்காகவே ஞாயிறு தவறாமல் கடலூரிலிருந்து பஸ் ஏறி வருவேன். என் ஆள் மஞ்சத் தலையன். பெயர் வாயில் நுழையாததால் நாமே வைத்த பெயர். சாம்பியன். அவன் பெல்ட்டைத் தூக்கிக் காட்டினால் எனக்குப் புல்லரிக்கும். அவன் தோளும் என் தோளும் ஒரே அளவு என்று எங்கள் தெரு டெய்லரே அளந்து சொல்லியிருக்கிறார். டேப் கொஞ்சம் பழசு, அது வேறு விஷயம்.

உனக்கோ கரடியைத்தான் பிடிக்கும். உடம்பெல்லாம் முடி, முன்னால் தொப்பை, வாராவாரம் தோல்வி.

"ஏன் மச்சான், ஜெயிக்கிறவன் ஒருத்தன்கூடவா உன் கண்ணுல படல?"

"போடா. மஞ்சத் தலையன் தூக்குறான்னா நெனைக்கிற? கரடி எகிறிக் குடுக்கிறான். அவன் எகிறலன்னா உன் ஆளு இடுப்பு புடிச்சிக்கினு ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும். விழுறான் பாரு, எவ்ளோ அழகா விழுறான்!"

பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எல்லாம் முன்னாடியே பேசி வெச்சிக்கிறது சார்" என்பார். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவேன். நீ டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்வாய்: "கல்யாணத்துலகூடத்தான் எல்லாம் முன்னாடியே பேசி வெச்சிருக்கு. தாலி கட்டுறப்ப நீங்க அழுவலியா?" அவர் தலை உள்ளே போய்விடும்.

இப்போதும் பார்க்கிறேன். சண்டையைவிடப் பேச்சு ஜாஸ்தி. மைக்கைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறார்கள். எல்லாருக்கும் சாம்பியனாக ஆசை. அழகாக விழ ஆள் இல்லை.

டீக்கடையில் ஒரு நாள், நெல்லிக்குப்பம் கரும்புக் காட்டில் காட்டுப்பன்றியை வெறும் கையால் விரட்டிய கதையைச் சொன்னேன். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நீ கிளாஸைக் கீழே வைத்தாய்.

"நான் கூடத்தான் இருந்தேன். பன்னியப் பாத்ததும் மரத்துல ஏறிட்டேன். மச்சான்தான் கையப் புடிச்சி எறக்குனான். கால் அப்பிடி நடுங்குது எனக்கு."

நீ அந்தக் காட்டுப் பக்கமே வந்ததில்லை. எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்க, நான் பெரிய ஆளாகி இரண்டாவது டீ சொன்னேன்.

ஞாயிறன்று மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் தங்கமானவன், வாயே திறக்கவில்லை. பேசியதெல்லாம் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த அவன் பெரியப்பாதான். பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "பொண்ணோட அப்பா எப்பிடிப்பட்ட ஆளு? டிவில குஸ்தி பாத்தே காலத்த ஓட்டிட்டாருன்னு சொல்றாங்களே?"

உன் மகள் கதவோரம் தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி பேசிவிட்டாள்.

"அவுரா? வெள்ளம் வந்தப்ப எதுத்த வீட்டு வாத்தியாரு கால் ஒடஞ்சி கெடந்தாருங்க. இடுப்பளவு தண்ணி. ஒருத்தரும் எறங்கல. இவுருதான் தோள்ல தூக்கிக்கினு போயி மெயின் ரோட்டுல ஆம்புலன்ஸ்ல ஏத்துனாரு. எங்கண்ணன் குடை புடிச்சிக்கினு பின்னாலயே போனாரு."

மச்சான், நான் சொல்லிய கதைகளில் சொன்னபடியே நடந்தது இது ஒன்றுதான். தூக்கியது நான். குடை பிடித்தது நீ. வாசற்படியில் நின்று பார்த்தவள் அவள். ஆனாலும் ஒரு வார்த்தை தடுமாறாமல் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "அப்பிடிங்களா?"

"குடையா?" என்றேன். "அதக்கூட நான் ஒழுங்காப் புடிக்கலீங்க. காத்துல திருப்பிக்கிச்சு. பள்ளத்துல கால வெச்சி கழுத்து வரைக்கும் உள்ள போயிட்டேன். மச்சான் வாத்தியார ஒரு தோள்ல வெச்சிக்கினே, இன்னொரு கையால என் காலரப் புடிச்சித் தூக்குனாரு. நான் ஓன்னு அழுவுறேன்."

"நீச்சல் தெரியாதா ஒங்களுக்கு?"

"கடலூர்க்காரன்னு வெளிய சொல்லிடாதீங்க."

மனிதர் பஜ்ஜியைத் தட்டில் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பையனும் சிரித்தான். கதவோரம் உன் மகள் நிமிர்ந்து நின்றாள். உன்னைப் போலவே நெற்றி. "நல்ல மனுசன் வூட்டுப் பொண்ணு. வர்ற முகூர்த்தத்துல தட்டு மாத்திக்கலாம்" என்று பெரியப்பா எழுந்தார்.

அவர்கள் போன பிறகு தங்கச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "தூக்குனது நீதானேண்ணா..."

"யாரு சொன்னா? நான் குடை புடிச்சேன்" என்றேன்.

பஸ்ஸில் கடலூர் வரைக்கும் ஜன்னலோர சீட். பெரிய கதையைக் கொடுத்துவிட்டு வருகிறோமே என்று நெஞ்சு கொஞ்சமாவது அடித்துக்கொள்ளும் என்று பார்த்தேன். இல்லை மச்சான், லேசாக இருந்தது. சீட்டில் சாய்ந்து நன்றாகத் தூங்கிப்போனேன்.

கல்யாணத்தில் அவர்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் இந்தக் கதையைக் கேட்பார்கள். சொல்வதற்கு நான் இருக்கிறேன். தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்றிருக்கிறேன்.