நிறுத்தத் தெரியாத கலங்கள்

2005 ஒக்டோபர் 11
மூன்று மாத வயிறு ஐந்து மாதம்போல் நிற்கிறது. பக்கத்து வீட்டுச் செசீலியா இன்றும் கைவைத்துப் பார்த்தாள். "இரட்டைதான்க்கா. சுனாமியில கடல் கொண்டுபோன உங்கட பிள்ளை ரெண்டும் திரும்பி வருகுது." நாற்பத்திரண்டு வயதில், உயிரியல் படிப்பிக்கிறவள் இதை நம்பலாமா? நம்புகிறேன். சுலக்ஷன், சுஜீவா என்றே வயிற்றோடு பேசுகிறேன்.

ஒக்டோபர் 18
ஸ்கானில் பிள்ளை இல்லை. ஒன்றுகூட இல்லை. திராட்சைக் குலைபோல நீர்க்கொப்புளங்கள். பிள்ளைக்கு ஊட்டவேண்டிய நஞ்சுக்கொடியின் உயிர்க்கலங்கள் பிள்ளையில்லாமலே பெருகுகின்றன என்றார் டொக்டர். நாளைக்கே எடுக்க வேண்டுமாம். கையெழுத்து வைக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் பீற்றர் தொட்டிலுக்கு மரம் சீவிக்கொண்டிருந்தார். என்னவென்று சொல்வது?

ஒக்டோபர் 24
வகுப்பில் கலப்பிரிவு. ஒரு கலம் பிரியமுன் தன் பிரதி சரியா என்று பார்க்கும். பிழையென்றால் நின்று திருத்தும். முடியாவிட்டால் தன்னையே அழித்துக்கொள்ளும் என்றேன். யசோதினி கேட்டாள்: "நிக்காமப் பிரிஞ்சிக்கிட்டே இருந்தா, டீச்சர்?" மறுமொழி தெரியும். கரும்பலகையை அழித்தேன்.

நவம்பர் 9
தரையெல்லாம் இரத்தம். பீற்றர்தான் ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். எடுத்துவிட்டார்கள். "மூணு கிழமையாத் தெரிஞ்சும் ஏன் சொல்லல்ல?" என்று மட்டும் கேட்டார். ஐயோ, நான் என்னத்தச் சொல்ல — அதுகள் வருகுதெண்டு நினைச்சன்.

2006 ஜனவரி 16
இரத்தத்தில் கர்ப்ப ஹோர்மோன் இறங்கிவந்தது. இப்போது ஏறுகிறது. மிச்சக் கலங்கள் திரும்பவும் பிரிகின்றனவாம், நுரையீரலுக்கும் போகலாம். அன்றைக்கே கையெழுத்து வைத்திருந்தால்? அப்படிச் செய்திருந்தாலும் வரக்கூடியதுதான் என்கிறார் டொக்டர். நான் நம்பவில்லை.

பெப்ரவரி 20
புற்றுநோய் ஊசிக்காக மூன்றாவது தடவை கொழும்பு. வழியில் இராணுவம் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிச் சோதித்தது. நிற்க முடியவில்லை. இந்த மருந்து பிரிகிற கலங்களையெல்லாம் அடிக்கும், நல்லது கெட்டது பார்க்காது. வாய்த் தோலும் ஓயாமல் பிரிவதுதான். வாயெல்லாம் புண், தண்ணீரும் எரிகிறது. செத்தால் பிள்ளைகளிடம் போகலாம் என்றேன்.

"அப்ப நான்?" என்றார் பீற்றர்.

ஏப்ரல் 3
ஹோர்மோன் இறங்குகிறது.

நவம்பர் 2
ஆறு மாதமாக இரத்தத்தில் ஒன்றும் இல்லை.

இன்று மரித்தோர் தினம். பூசையில் வாசிக்க இறந்தவர்களின் பெயரை எல்லாரும் எழுதிக் கொடுப்பார்கள். போன வருஷம் எங்கள் தெருவில் நான் மட்டும் கொடுக்கவில்லை. ஸ்கானைப் பார்த்த பிறகும், வரப்போகிற பிள்ளைகளின் பெயரை யார் கொடுப்பார்கள் என்றிருந்தேன்.

பீற்றர் பேனையை எடுத்தார். "நான் எழுதுறன்" என்று வாங்கினேன். சுலக்ஷன், பதினொரு வயது. சுஜீவா, ஏழு வயது.

ஃபாதர் வாசித்தபோது எழும்பி நின்று கேட்டேன்.